ஒரு பருவம் முடிந்தது: பாடங்களும் பேராசிரியர்களும்



இளங்கலை வரலாறு முதலாண்டின் முதற்பருவத் தேர்வுகள், அல்ஹம்துலில்லாஹ், நல்லபடியாக நிறைவடைந்தன. விடுமுறையில் வீட்டிலிருக்கும் என்னிடம் எங்கள் காயல்பட்டினத்து உறவினர் கேட்பவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். எத்தனை மதிப்பெண் வரும் என்பது ஒன்று. வரலாறு படித்து என்ன வேலைக்குச் செல்வது என்பது மற்றொன்று. இரண்டாவது கேள்விக்கு நான் வாய் திறக்கும் முன்பே, "டிஎன்பிஎஸ்சி எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு ஏது?" என்று வாப்பா விடை கூறிவிடுவார். மாமிமாரும் அத்துடன் அமைதியடைந்துவிடுவர். அவ்விடை தவறன்று. ஆனால் இந்த ஐந்து மாதங்களில் என் கல்வி எப்படி அமைந்தது என்பதைத் தீர்மானித்தது மதிப்பெண்ணும் அன்று, வேலைவாய்ப்பும் அன்று. உனக்குப் பாடம் நடத்துபவர் யார், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்று ஒருவரேனும் கேட்டிருந்தால் நான் சொல்லியிருக்கக்கூடியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் படிப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடங்களும் சார்புப் பாடமும், பகுதி நான்கில் திறன் மேம்பாடு முதலியன. ஒவ்வொரு பாடத்திற்கும் ஐந்து அலகுகள். அகமதிப்பீட்டிற்கு 25, பருவத் தேர்விற்கு 75. வருகைப்பதிவு 75 விழுக்காட்டிற்குக் குறையலாகாது. ஐந்து அலகுகளையும் முடித்தாக வேண்டும் என்னும் அவசரம் ஆசிரியர், மாணவர் இருவரையும் ஒருசேரத் துரத்துகிறது. ஆங்கில வகுப்பில் கதையைப் படிக்கும் முன்பே அதன் சுருக்கம் எழுதிப் போடப்பட்டது. ஆதலால் கதையை யாரும் படிக்கவில்லை. பகுதி நான்கின் பொதுப்பாடம் ஒன்று மூன்று துறை மாணவரையும் ஒரே கூடத்தில் அமர்த்தி, ஒலிபெருக்கி இன்றி நடத்தப்பட்டது. பின்வரிசையில் இருந்த எங்களுக்குக் கேட்டதெல்லாம் மின்விசிறியின் ஓசைதான். அப்பாடத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

தமிழ்ப் பாடம் அப்படியன்று. சேர்க்கையின்போது, அரபியை மொழிப்பாடமாக எடுக்கும் வசதியுள்ள கல்லூரிக்கே செல்லுமாறு உறவினர் சிலர் கூறினர். அரபியில் எளிதாக மதிப்பெண் பெறலாம் என்னும் பேச்சு நம் வீடுகளில் நெடுநாளாக உண்டு. மார்க்கத்திற்காக அரபி கற்பது வேறு. மதிப்பெண்ணுக்காக அதனைத் தேர்ந்தெடுப்பது வேறு. நான் தமிழையே எடுத்தேன். எங்கள் செய்யுள் திரட்டில் உமறுப் புலவரின் சீறாப்புராணத்திலிருந்து மானுக்குப் பிணை நின்ற படலம் வைக்கப்பட்டிருந்தது. மூன்று காண்டங்களில் 5027 பாடல்கள் கொண்ட அக்காப்பியத்தின் பெயரை நான் மேடைகளிலும் கல்யாணப் பத்திரிகைகளிலும் அறிந்திருந்தேனேயன்றி, ஒரு படலத்தையேனும் முழுமையாகப் படித்ததில்லை. அதனை எனக்குப் படித்துக் காட்டியவர் ஒரு சைவக் குடும்பத்துப் பேராசிரியர். வேடன் வலையில் அகப்பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டித் திரும்பி வருவதற்கு நபிகள் நாயகம் (ஸல்) பிணை நிற்கும் இடத்தை அவர் ராகத்துடன் பாடி, பொருள் கூறி, பிறகு சிறிது நேரம் பேசாமல் நின்றார். தேர்வுக்கு வரக்கூடிய வினா எது என்று அன்று ஒருவரும் கேட்கவில்லை. நம் பிள்ளைகள் சீறாவைப் படிக்க வேண்டுமென்று மாநாடுகளில் தீர்மானம் போடுகிறோம். அதைக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் தமிழ்த் துறைகளில் இருக்கிறார்கள் என்பதையும் நாம் அறிந்துகொண்டால் நன்று.

முதன்மைப் பாடங்களுள் பண்டைய இந்திய வரலாற்றை நடத்தியவர் துறையின் மூத்த பேராசிரியர். பல்லாண்டுகளுக்கு முன் எழுதிய குறிப்பேட்டைப் பார்த்து அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதுவோம். அவரைக் குறைகூறுவது எளிது. ஆனால் வினாத்தாள் அக்குறிப்பேட்டின் வடிவத்திலேயே வருகிறது. மாணவரும் அதனையே விரும்பிக் கேட்கின்றனர். குறிப்பு கொடுக்காத ஆசிரியரைப் பற்றி முதல்வரிடம் புகார் செல்கிறது. ஒருமுறை மட்டும் அவர் குறிப்பேட்டை மூடி வைத்தார். நாள்தோறும் எங்கள் பேருந்து கடந்துசெல்லும் ஆதிச்சநல்லூரைப் பற்றிய வகுப்பு அது. அவருடைய சொந்த ஊர் அதன் அருகில் உள்ளது. 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியர் அங்கே தோண்டியது, 1899 முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வு, அண்மையில் சிவகளை முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல் உமி கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவிக்கப்பட்டது ஆகியவற்றையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர், ஓர் உமியின் வயதை எவ்வாறு அளக்கிறார்கள், தாழிக்குள் இருந்த உமி என்பது ஏன் முக்கியம், ஒரே ஒரு மாதிரியை வைத்து எவ்வளவு சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று மணி அடித்த பின்பும் பேசினார். அம்மனிதருக்குள் அத்தகைய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்பதை 90 வேலை நாட்களில் ஒருநாள்தான் கண்டோம்.

தமிழ்நாட்டு வரலாற்றை நடத்தியவர் ஒரு கௌரவ விரிவுரையாளர். முப்பது வயதைக் கடந்த பெண்மணி. முனைவர் பட்டமும் பெற்று, மாநிலத் தகுதித் தேர்விலும் தேர்ச்சி பெற்றவர். இக்கட்டுரையை எழுதத் தூண்டியவர் அவரே.

பாண்டியர் காலக் கடல் வணிகத்தை நடத்தியபோது, காயலிலிருந்து வருபவர்கள் யார் என்று கேட்டார். நானும் இன்னொரு தோழியும் எழுந்து நின்றோம். பாண்டியர் படைக்காக ஆண்டுக்கு 1400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகவும், ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருப்பதைக் கூறினார். இங்கே குதிரைகளைப் பேணத் தெரியாமையால் அவை விரைவில் இறந்தன என்று மார்கோ போலோ குறிப்பிடுவதையும் அதனோடு சேர்த்துச் சொன்னார். அதன்பின், மார்கோ போலோ கண்ட காயல் எங்கள் ஊர்தானா என்று கேட்டு வகுப்பை நிறுத்திவிட்டார். அது பழையகாயல் என்பது கால்டுவெல்லின் முடிவு. அன்றிரவு சாப்பாட்டு வேளையில் இதை நான் வீட்டில் சொல்ல, காக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் காலேஜில் நம்ம ஊரையே இல்லையென்று சொல்லிக் கொடுக்கிறார்களா?" என்றார். வாப்பாவோ, அப்படியானால் ஆற்றின் முகத்துவாரம் அக்காலத்தில் எங்கே இருந்தது என்று விசாரிக்கத் தொடங்கினார். அன்று பத்து மணிவரை எங்கள் வீட்டில் கால்டுவெல் பற்றிய விவாதம் நடந்தது. அதற்குமுன் அப்பெயர் எங்கள் வீட்டில் உச்சரிக்கப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

பாண்டியர் வீழ்ச்சிக்குப் பின் வருவது மதுரை சுல்தான்கள் பாடம். அந்த வாரம் நெருங்க நெருங்க எனக்கு உள்ளூர ஒரு கலக்கம் இருந்தது. எங்கள் வகுப்பில் முஸ்லிம் மாணவியர் மூவர் மட்டுமே. பள்ளிக்கூடத்தில் கஜினி முகமது பாடம் நடக்கும் நாளில் சில தலைகள் நம் பக்கம் திரும்பும். இதை வாசிக்கும் உங்களில் பலர் அதை அனுபவித்திருப்பீர்கள். கடைகளில் விற்கும் வழிகாட்டி நூலில் மதுரை சுல்தான்களைப் பற்றி இருந்தவை சில வரிகளே. அவற்றுள் மூன்று முறை "கொடுங்கோலர்" என்னும் சொல் வந்தது.

அவர் வழிகாட்டி நூலைத் தொடவில்லை. இரண்டு நூல்களின் பகுதிகளை நகலெடுத்து வந்திருந்தார். ஒன்று, மதுரையை வென்ற விஜயநகர இளவரசர் குமார கம்பணரின் மனைவி கங்காதேவி வடமொழியில் இயற்றிய மதுரா விஜயம். மற்றொன்று, 1344 அளவில் மதுரை சுல்தான் கியாசுத்தீனின் அவையில் இருந்த இப்னு பதூதாவின் பயண நூல். இவற்றை யார் எழுதினார்கள், யாருக்காக எழுதினார்கள், நிகழ்ந்து எத்தனை ஆண்டுகளுக்குப் பின் எழுதினார்கள் என்னும் மூன்று வினாக்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, விடை காணும் பொறுப்பை எங்களிடமே விட்டுவிட்டார்.

கங்காதேவி தம் கணவரின் வெற்றியைப் பாட வந்தவர். எதிரியின் கொடுமை எவ்வளவு பெரிதோ, வென்றவரின் புகழும் அவ்வளவு பெரிது. இப்னு பதூதாவோ சுல்தானுக்கு உறவினர். இருவருடைய மனைவியரும் சகோதரிகள். அவர் தம் பயண அனுபவங்களைச் சொல்லி, இப்னு ஜுஸய் என்பவர் எழுதி முடித்தது மொரோக்கோவில், 1355இல். ஏறத்தாழ பதினோர் ஆண்டுகள் கழித்து. அந்த உறவினர்தாம், மார்க்கத் தீர்ப்பளிக்கும் காழியாகப் பணியாற்றிய அந்த முஸ்லிம் அறிஞர்தாம், சிறைப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் கியாசுத்தீன் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதியிருக்கிறார். அச்செயலின் காரணமாகவே அல்லாஹ் அம்மன்னனின் மரணத்தை விரைவுபடுத்தினான் என்பது அவர் கருத்து. எதிரெதிர்த் தரப்பைச் சேர்ந்த, ஒருவரையொருவர் அறியாத இருவர் கொடுமை நடந்தது என்பதில் ஒத்துப்போனால், அதை எளிதில் தள்ளிவிட முடியாது என்றார் ஆசிரியர். அதே இப்னு பதூதா, சுல்தானை எதிர்த்துப் போரிட்ட ஹொய்சள மன்னர் வல்லாளரின் படையில் ஏறத்தாழ 20,000 முஸ்லிம்கள் இருந்ததாகவும் எழுதுகிறார். அப்படியாயின் இது எந்த மதத்திற்கும் எந்த மதத்திற்கும் இடையே நடந்த போர்? இவ்வினாவை எழுப்பியவள் என் பக்கத்து இருக்கைத் தோழி; அவள் முஸ்லிம் அல்லள்.

இறுதியாக ஒரு நாணயத்தின் படத்தைக் காட்டினார். அதன் எழுத்துகளை யாரேனும் வாசிக்க முடியுமா என்று கேட்டபோது வகுப்பு என்னைத்தான் பார்த்தது. மக்தபில் ஓதக் கற்ற எழுத்துகளைக் கொண்டு, தட்டுத் தடுமாறி "அஸ்ஸுல்தான்" என்னும் சொல்லை வாசித்தேன். குமார கம்பணர் மதுரையை வென்றது 1371 அளவில் என்பர். கடைசி சுல்தானின் நாணயங்களோ ஹிஜ்ரி 779 வரை, அதாவது 1378 வரை கிடைக்கின்றன. காவியத்தில் முடிந்துபோன ஆட்சி நாணயத்தில் இன்னும் சில ஆண்டுகள் நீடிக்கிறது. மணி அடித்த பின் நான்கு மாணவியர் என் மேசையைச் சூழ்ந்து, தத்தம் பெயரை அந்த எழுத்தில் எழுதித் தரச் சொன்னார்கள்.

அவ்வகுப்பு எனக்கு அளித்ததை எப்படிச் சொல்வது? ஒரு மன்னன் முஸ்லிம் பெயரைத் தாங்கியிருந்தான் என்பதற்காக அவனுக்கு வக்கீலாக நிற்கும் கடமை எனக்கில்லை. அவன் செய்ததற்குத் தலைகுனியும் கடமையும் எனக்கில்லை. டில்லியிலிருந்து அனுப்பப்பட்ட ஆளுநர் ஜலாலுத்தீன் அஹ்சன் தம்மைச் சுல்தானாக அறிவித்துக்கொண்டது 1335 அளவில்தான். அதற்கு முன்பே, பாண்டியரின் ஆதரவில், இக்கடற்கரையில் முஸ்லிம் வணிகர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர் வெளியிலும் இருக்கிறார்கள், நம்மிடையேயும் இருக்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வரும் பெருமைக் கதைகளும் பழிக் கதைகளும் இந்தக் குழப்பத்திலேயே பிழைக்கின்றன. நம் பிள்ளைகள் அவற்றிற்கு விடையளிக்க வேண்டுமென்றால் அவர்களுக்குத் தேவை இன்னொரு வாட்ஸ்அப் செய்தியன்று, இத்தகைய ஒரு மணி நேர வகுப்பு.

இனி, அந்த ஆசிரியரின் நிலையைச் சொல்கிறேன். தமிழகத்து அரசுக் கலைக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளரின் மாத ஊதியம் 20,000 ரூபாயிலிருந்து 25,000 ரூபாயாக உயர்த்தப்பட்டதே சில ஆண்டுகளுக்கு முன்புதான். வகுப்பொன்றுக்கு 1500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய்வரை வழங்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் வகுத்த அளவில் இது பாதி. கல்லூரி மூடியிருக்கும் மே மாதத்திற்கு ஊதியம் இல்லை. ஓய்வூதியமும் பணிப் பாதுகாப்பும் இல்லை. பருவத்தின் நடுவே கௌரவ விரிவுரையாளர்கள் ஊதிய உயர்வு கோரிச் சில நாட்கள் வகுப்பைப் புறக்கணித்தனர். அவ்வகுப்புகளை அவர் பின்னர் சனிக்கிழமைகளில் ஈடுசெய்தார். மதுரா விஜயத்தின் நகல்களுக்கான செலவும் அவருடையதே. நாங்கள் பணம் திரட்டிக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். குறிப்பேட்டைப் பார்த்துச் சொல்லும் மூத்த பேராசிரியரின் ஊதியம் இவருடையதைப் போலப் பல மடங்கு. அவர்மீது எனக்கு மனத்தாங்கல் இல்லை. அது அவருக்கு உரியது. இவருக்கு உரியது ஏன் கிடைக்கவில்லை என்பதே என் கேள்வி.

இதில் அரசைக் குறைகூறுவதோடு நாம் நின்றுவிடலாம், அது வசதியானது. நம் சமுதாயத்தார் நடத்தும் கல்லூரிகளில் நிலைமை வேறு என்று எழுத முடிந்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன். அத்தகைய கல்லூரிகளின் சுயநிதிப் பிரிவுகளில் பயிலும் தோழியர் சிலர் சொல்வதைக் கேட்டால், அங்குள்ள இளம் ஆசிரியர்கள் 25,000 ரூபாயையே நல்ல ஊதியமாகக் கருதும் நிலையில் இருப்பதாகத் தெரிகிறது. ஒரே ஆண்டில் ஒரு பாடத்திற்கு மூன்று ஆசிரியர்கள் மாறினார்கள் என்றாள் ஒருத்தி. கல்வியின் சிறப்பையும் கற்பிப்பவரின் சிறப்பையும் பேசாத பயான் நம்மிடம் இல்லை. ஆனால் மக்தபு உஸ்தாதுமாருக்கும் பள்ளிவாசல் இமாம்களுக்கும் நாம் எவ்வளவு கொடுக்கிறோம் என்பதைப் பார்த்தால், கல்லூரியில் மட்டும் வேறு விதமாக நடந்துகொள்வோம் என்று எதிர்பார்ப்பது கடினம்.

கொடையாளர்கள் நம்மிடம் குறைவில்லை. வாணியம்பாடியில் 1919லேயே தோல் வணிகர்களின் பொருளுதவியோடு கல்லூரி எழுந்தது. 1951இல் திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் தோன்றின. ஆயினும் இன்று கொடை என்றால் நமக்கு நினைவுக்கு வருவது கட்டடம். அரங்கத்திற்குக் கொடுத்தால் வாசலில் பெயர் பொறிக்கப்படும்; ஓர் ஆசிரியரின் ஊதியத்திற்குக் கொடுத்தால் பெயர் பொறிக்க இடமில்லை. நம் முன்னோரின் வழக்கம் இவ்வாறு இருக்கவில்லை. 1067இல் பக்தாதில் திறக்கப்பட்ட நிஜாமிய்யா மதரஸாவுக்கு நிஜாமுல் முல்க் கட்டடத்தை மட்டும் கொடுத்து நிறுத்திக்கொள்ளவில்லை. ஆசிரியரின் ஊதியத்திற்கும் மாணவரின் உணவுக்குமாகச் சொத்துகளை வக்ஃபு செய்தார். 1091இல் இமாம் கஸ்ஸாலி அங்கே பேராசிரியராக அமர்ந்தபோது, அந்த இருக்கைக்கு நிலையான வருமானம் இருந்தது. ஓர் ஆசிரியரின் மாத ஊதியத்தை 25,000 ரூபாயிலிருந்து 50,000 ரூபாயாக உயர்த்த ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் போதும். நம் ஊர்களில் ஒரு திருமண விருந்தின் செலவு எவ்வளவு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் கல்லூரி ஒன்றில், ஒரு துறையில், ஓர் இருக்கைக்கேனும் இப்படி வக்ஃபு ஏற்படுத்தினால் என்ன?

ஊதியத்தை உயர்த்தினால் கட்டணமும் உயரும், ஏழை மாணவர் படிக்க முடியாது என்று நிர்வாகிகள் கூறுவர். அதில் நியாயம் உண்டு. சுயநிதிப் பிரிவுகளுக்கு அரசு ஊதிய மானியம் அளிப்பதில்லை. கட்டணத்தைத் தொடாமல் ஊதியத்தை உயர்த்த வேறு வழி இல்லாததால்தான் வக்ஃபைப் பற்றிப் பேசுகிறேன். நன்றாகக் கற்பிப்பவர் எவ்வளவு கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் கற்பிப்பார் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் ஆசிரியர் அப்படித்தான் கற்பித்தார். அதனாலேயே அவர் இப்போது வங்கித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வரும் மே மாதம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும்போது விடுதியையும் பேருந்து வசதியையும் விசாரியுங்கள். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது அவசியமே. அத்துடன், மகளோ மகனோ சேரவிருக்கும் துறையில் எத்தனை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஐந்து ஆண்டுகளுக்குமேல் அங்கேயே பணியாற்றுபவர் எத்தனை பேர், நூலகம் வகுப்பு முடிந்த பின் எத்தனை மணிவரை திறந்திருக்கும் என்பவற்றையும் கேளுங்கள். எங்கள் ஊரைப் போலவே பல ஊர்களில், மாணவருக்கு வழிகாட்டவும் உதவித்தொகை வழங்கவும் நற்பணி மன்றங்கள் இருக்கின்றன. அவை, தம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் சேரும் கல்லூரிகளுக்கு நேரில் சென்று இந்த விவரங்களை ஏப்ரலுக்குள் திரட்டி வைத்தால், விண்ணப்பம் வாங்கப் புறப்படும் பெற்றோரின் கையில் அந்தத் தாளும் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.